விண்ணில் நால்வர், மண்ணில் ஐவர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பழுப்பு நிற அங்கியும் வெண்ணிற மேலாடையும் அணிந்து, கையில் பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் ஏந்தி நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நாம் எல்லோரும் அறிவோம். சிறுமலர் என்று அன்போடு அழைக்கிறோம். நம் வகுப்பில் மட்டும் அவர் பெயரைத் தாங்கியவர்கள் மூவர் இருக்கிறார்கள். ஆனால் அந்த மலரை ஈன்ற தாய் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவரும் ஒரு புனிதரே. மடத்தில் வாழ்ந்தவர் அல்லர். மணமுடித்து, ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, வீட்டிலேயே தொழில் நடத்திப் பல பெண்களுக்கு வேலை கொடுத்தவர். அந்த ஒன்பதில் நான்கு பிள்ளைகளைத் தம் கண்முன்னே பறிகொடுத்தவர். அவர் பெயர் செலி மார்ட்டின்.

பிரான்சு தேசத்தின் நார்மண்டிப் பகுதியில் அலென்சோன் என்ற நகரம் உள்ளது. அதனருகே ஒரு சிற்றூரில் 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் செலி பிறந்தார். தந்தை இசிதோர் குரின், நெப்போலியனின் படையில் போர் வீரராக இருந்து பின்னர் காவல் பணியில் சேர்ந்தவர். தாய் பக்தியுள்ளவர், ஆனால் மிகவும் கண்டிப்பானவர். சிறு வயதில் தமக்கு ஒரு பொம்மைகூடக் கிடைத்ததில்லை என்றும், தம் குழந்தைப் பருவம் சோகத்தில் தோய்ந்தது என்றும் செலி பிற்காலத்தில் தம் தம்பிக்கு எழுதியிருக்கிறார். அடிக்கடி தலைவலியும் வந்து வாட்டியது. அவருக்கு ஆறுதலாக இருந்தவள் அக்காள் ஒருத்தியே. அலென்சோனில் கன்னியர் நடத்திய பள்ளியில்தான் அவரும் நம்மைப் போலப் பயின்றார். பிரெஞ்சு மொழிக் கட்டுரை எழுதுவதில் அவரே முதல்வர்!

தாமும் கன்னியராக வேண்டும் என்பது அவர் ஆசை. புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியர் நடத்திய மருத்துவமனைக்குச் சென்று, தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார். அங்கிருந்த தலைமைக் கன்னியர், இது உமக்கான அழைப்பு அல்ல என்று மறுத்துவிட்டார். மனமுடைந்து திரும்பிய அந்த இளம்பெண் இறைவனிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். நான் உம்முடைய மணவாட்டியாகத் தகுதியற்றவள் என்றால் திருமணம் செய்துகொள்கிறேன். ஆனால் எனக்கு நிறையப் பிள்ளைகளைத் தாரும். அவர்கள் அனைவரும் உமக்கே உரியவர்களாகட்டும் என்பதே அந்த விண்ணப்பத்தின் பொருள். இந்த வேண்டுதல் எப்படி நிறைவேறியது என்பதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு. அவர் நினைத்த வழியில் அது நிறைவேறவில்லை.

பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டுமே! அலென்சோன் நகரம் ஊசிப் பின்னல் லேசுக்குப் பேர்போனது. அரச குடும்பங்கள் விரும்பி அணிந்த லேசு அது. ஒரு சதுர சென்டிமீட்டர் பின்னுவதற்கு 7 மணி நேரம் ஆகும் என்கிறார்கள். தையல் வகுப்பில் ஒரு கைக்குட்டை ஓரம் தைப்பதற்குள் பெருமூச்சு விடும் நமக்கு இது விளங்கும். 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைத்திறனை உலகப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 1851-ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளன்று, இத்தொழிலைச் செய் என்று உள்ளத்தில் ஒரு குரல் ஒலித்ததாக செலி உணர்ந்தார். கற்றுக்கொண்டு ஈராண்டுகளில் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார். பல பெண்கள் தத்தம் வீடுகளில் சிறு சிறு துண்டுகளாகப் பின்னி, வியாழக்கிழமைதோறும் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அத்துண்டுகளை இணைத்த இடமே தெரியாதபடி ஒன்றாகச் சேர்க்கும் நுணுக்கமான வேலையை செலி தாமே செய்தார்.

அந்நகரில் லூயி மார்ட்டின் என்ற கடிகாரக்காரர் இருந்தார். அவரும் துறவியாக விரும்பி, ஆல்ப்ஸ் மலையிலுள்ள புனித பெர்னார்டு மடத்துக்குச் சென்று, இலத்தீன் மொழி தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டவர். ஒருநாள் ஒரு பாலத்தின்மேல் அவர் நடந்து வருவதை செலி கண்டார். இவரே உனக்காக ஆயத்தம் செய்யப்பட்டவர் என்று முன்னர் கேட்ட அதே குரல் மீண்டும் ஒலித்ததாம். மூன்றே மாதங்களில், 1858 ஜூலை 13-ஆம் நாள் நள்ளிரவில், தேவமாதா ஆலயத்தில் அவர்கள் திருமணம் நடந்தது. இரண்டு மடங்கள் வேண்டாம் என்று சொன்ன இருவரைக் கொண்டு ஆண்டவர் ஒரு குடும்பத்தை உண்டாக்கினார்.

1860-இல் மரி, 1861-இல் பவுலின், 1863-இல் லெயோனி, 1864-இல் எலேன் என்று நான்கு பெண்மக்கள் பிறந்தனர். அக்காலத்தில்தான் செலியின் மார்பில் ஒரு கட்டி தோன்றி வலி கொடுக்கலாயிற்று. 1865-இல் அதைப் பற்றித் தம் தம்பிக்கு எழுதுகிறார். தம்பி இசிதோர் பாரிசில் மருந்தியல் படித்துப் பின்னர் லிசியே நகரில் மருந்துக்கடை வைத்தவர். அந்நோயின் காரணமாக, எலேன் முதற்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்குத் தாமே பாலூட்ட அவரால் இயலவில்லை. இன்று கடைகளில் கிடைப்பது போன்ற பால்மாவு அன்று இல்லை. கொதிக்க வைத்துக் கிருமிகளைப் போக்க வேண்டும் என்ற அறிவும் வீடுகளுக்கு எட்டவில்லை. ஆகவே பாலூட்டும் செவிலியரைத் தேடிப் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே விட வேண்டியிருந்தது. அப்படி விடப்பட்ட குழந்தைகளுள் மிகப் பலர் இறந்தார்கள். 1874-ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு அரசு, கூலிக்குப் பாலூட்ட அனுப்பப்படும் சிசுக்களைக் கண்காணிக்க ஒரு சட்டம் இயற்றியது. செலியின் பிள்ளைகளுக்கு அது காலந்தாழ்ந்து வந்த சட்டம்.

ஓர் ஆண்மகவு வேண்டும், அவன் குருவாகி, வேதம் அறியாத நாடுகளுக்குச் சென்று போதிக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் சூசையப்பரிடம் மன்றாடினார்கள். 1866 செப்டம்பரில் மகன் பிறந்தான். ஜோசப் லூயி என்று பெயர் சூட்டினார்கள். ஜோசப் என்பது நம் சூசையப்பரின் பெயரேயல்லவா! அலென்சோனுக்கு அருகில் செமாலே என்ற கிராமத்தில் ரோஸ் தையே என்ற நல்ல குடியானவப் பெண் அவனைப் பாலூட்டி வளர்த்தார். 1867 புத்தாண்டு நாளில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தாய் அவனுக்கு அழகாக உடுத்தி மகிழ்ந்தார். மறுநாள் விடியுமுன் கதவு தட்டப்பட்டது. குழந்தைக்கு உடம்பு மோசம், உடனே வாருங்கள் என்று செய்தி. பனியில் இருவரும் நடந்தே போனார்கள். அம்முறை பிழைத்த குழந்தை பிப்ரவரி 14-ஆம் நாள் இறந்துவிட்டது. அவனுக்கு இன்னும் ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறிய செய்தியைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஐந்து வாரங்கள் கழித்து, எலேனுக்குக் காதில் சீழ் வடிந்தது. மருத்துவரிடம் காட்டியும் குணமாகவில்லை. அவள் காது கேளாதவளாகிவிடுவாளோ என்று அஞ்சிய தாய்க்கு ஓர் எண்ணம் தோன்றியது. இறந்துபோன தம் கைக்குழந்தையிடம், உன் அக்காளுக்காக ஆண்டவரிடம் கேள் என்று வேண்டிக்கொண்டார். மறுநாள் காலை காது சுத்தமாக இருந்தது. இதைப் புதுமை என்பதா, தற்செயல் என்பதா? அதை ஆராய எனக்குத் தகுதியில்லை. எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. கல்லறையில் வைத்த பிள்ளையை அவர் தம் பிள்ளைகளின் எண்ணிக்கையிலிருந்து நீக்கவில்லை. வீட்டில் மூத்தவள் இளையவளைக் கவனித்துக்கொள்வது போல, விண்ணிலிருக்கும் தம்பியும் அக்காளைக் கவனித்துக்கொள்வான் என்று எண்ணி அவனிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்!

1867 டிசம்பரில் மறுபடியும் ஓர் ஆண்குழந்தை. ஜோசப் ஜான் பாப்டிஸ்ட். பிறக்கும்போதே உயிருக்குப் போராடிப் பிறந்தவன். அவனும் செமாலேயில் வளர்ந்தான். நெஞ்சுச் சளியாலும் குடல் நோயாலும் மாதக்கணக்கில் வருந்தி, 1868 ஆகஸ்டு 24-ஆம் நாள் காலையில் தாயின் கைகளிலேயே உயிர் விட்டான். பத்தே நாளில், செப்டம்பர் 3-ஆம் நாள், செலியின் தந்தையும் காலமானார்.

இவ்விரண்டு சிசுக்களின் மரணத்தைவிட அவரை மிகவும் வாட்டியது எலேனின் மரணம் என்று தோன்றுகிறது. ஏனெனில் அவளுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. பேசுவாள், பாடுவாள், கட்டியணைப்பாள். 1870 பிப்ரவரியில் காய்ச்சல் கண்டது. அவ்வளவு விரைவில் முடிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. பிப்ரவரி 22-ஆம் நாள் தாயின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினாள். சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. மூத்தவள் மரியின் பத்தாவது பிறந்தநாளும் அதே நாள்தான். மரியும் பவுலினும் அப்போது லெ மான் நகரில் மினவுதல் சபைக் கன்னியர் மடத்தில், தங்கள் பெரியம்மாவின் பராமரிப்பில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆம், செலியின் அக்காள் அங்கே கன்னியராகியிருந்தார். வீட்டில் லூயி தம் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கதறி அழுதார். பிறகு இருவருமாக அவளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்கள்.

ஒப்புக்கொடுத்ததால் துக்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அடுத்த சில வாரங்களில் செலி எழுதிய கடிதங்களைப் பற்றிப் படித்தபோது நான் அதிர்ந்தேன். எலேனைப் போலவே தாமும் மெல்ல மெல்லப் போய்விடுவோம் என்று சில வேளைகளில் தோன்றுவதாகவும், வாழ்வில் தமக்குப் பற்றே இல்லாமல் போயிற்றென்றும், அவளை மறுபடி காண வேண்டும் என்ற ஏக்கமே நிறைந்திருப்பதாகவும் எழுதுகிறார். ஆனால் அதோடு முடிக்கவில்லை. மீதமுள்ள பிள்ளைகளுக்குத் தாம் வேண்டும். ஆகவே இன்னும் சில ஆண்டுகள் தம்மை விட்டுவைக்கும்படி இறைவனைக் கேட்பதாகவும் எழுதுகிறார். சாக விரும்பும் அதே மனம், பிறருக்காக வாழ வரம் கேட்கிறது.

இன்னொரு வேதனையும் அவரை அரித்தது. எலேன் ஒருமுறை ஒரு சிறு பொய் சொல்லியிருந்தாள். அதற்காக அவள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வருந்துவாளோ? பிள்ளையைக் குருவிடம் அழைத்துச் செல்லாமல் விட்டோமே! நமக்கு இது சிறு விஷயமாகப் படலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு எந்த விஷயமும் சிறிதல்ல. அதைச் செய்திருக்கலாமே, இதைச் செய்திருக்கலாமே என்று மனம் சுற்றிச் சுற்றி வரும். அவர் வீட்டிலிருந்த தேவமாதாவின் சுரூபத்தின் முன் மன்றாடினார். அவள் இங்கே என் அருகில் இருக்கிறாள் என்ற பதில் மெல்லிய பெருமூச்சைப் போல அவருக்குக் கேட்டது. பிற்காலத்தில் குழந்தை தெரேசாவைப் பார்த்துப் புன்னகைத்த மாதா சுரூபம் என்று சொல்கிறோமே, அதுவே இது.

இதற்கிடையில் 1869-இல் செலின் பிறந்திருந்தாள். 1870 ஆகஸ்டு 16-ஆம் நாள் மெலானி தெரேசா பிறந்தாள். அவளை அலென்சோன் நகரிலேயே ஒரு செவிலியிடம் விட்டார்கள். அந்தப் பெண் குழந்தைக்குப் போதிய பால் கொடுக்கவில்லை. தாய் உண்மையை அறிந்து ஓடிச்சென்று தூக்கிவந்தபோது குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது. அக்டோபர் 8-ஆம் நாள் இறந்துவிட்டது. நோயால் இறந்தால் தேவசித்தம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். பசியால், அதுவும் ஒருவருடைய கவனக்குறைவால் இறந்தால் என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது? செலியின் வாழ்வில் மிகக் கடினமான விசுவாசச் சோதனை இதுவே என்று நான் நினைக்கிறேன்.

அழுது தீர்க்கவும் அவகாசம் இல்லை. பிரஷ்யப் படைகள் பிரான்சுக்குள் புகுந்திருந்தன. 1871 ஜனவரியில் அலென்சோன் வீழ்ந்தது. மார்ட்டின் குடும்பத்தார் எதிரிப் படையினர் ஒன்பது பேரைத் தம் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட வேண்டியதாயிற்று. போர் முடிந்த அவ்வாண்டு அக்டோபரில், லிசியே நகரில் தம்பியின் மனைவிக்குப் பிறந்த ஆண்குழந்தை உடனே இறந்துவிட்டது. அவளைத் தேற்றி நாத்தனாராகிய செலி எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவர் எழுதிய கடிதங்களில் 200-க்கும் மேற்பட்டவை காப்பாற்றப்பட்டுள்ளன. எனினும் இந்த ஒன்றைப் போல மனத்தை உருக்குவது வேறில்லை என்பேன்.

அழாதே என்று அவர் எழுதவில்லை. தம் பிள்ளைகளின் கண்களை மூடிப் புதைத்தபோது தாம் பட்ட வேதனை மிகப் பெரியது என்றே தொடங்குகிறார். ஆனாலும் அவர்களுக்காகப் பட்ட பாட்டை நினைத்து வருந்தவில்லை என்கிறார். இவ்வளவு துன்பத்துக்கு அப்பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று பலர் தம்மிடம் சொன்னார்களாம். அந்தப் பேச்சைத் தம்மால் தாங்க முடியவில்லை என்கிறார். பிள்ளைகளின் நித்திய பேரின்பத்தோடு தம் துன்பத்தைத் தராசில் வைக்க முடியுமா என்று கேட்கிறார். அவர்கள் என்றென்றைக்கும் தொலைந்து போகவில்லை, வாழ்வு குறுகியது, மேலே மறுபடி கண்டுகொள்வோம் என்று முடிக்கிறார்.

துக்க வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அதே சொல்லை ஒரு குழந்தையையும் இழக்காதவர் சொன்னால் அது காதில் மட்டும் விழும். நால்வரை இழந்தவர் சொல்லும்போது அது இதயத்தைத் தொடுகிறது. புனிதர்கள் கல்நெஞ்சர், அவர்கள் எதற்கும் அழமாட்டார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. லாசரின் கல்லறை முன் நம் ஆண்டவரே கண்ணீர் விட்டாரே! செலி அழுதார், உணவு கொள்ள மாட்டாமல் தவித்தார், மருத்துவரைத் தேடினார், மருந்து கேட்டுத் தம்பிக்கு எழுதினார், கடைசி நொடிவரை பிள்ளையின் உயிருக்குப் போராடினார். இறைவனை நம்புவது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று அவர் கருதவேயில்லை.

அந்த நம்பிக்கைக்கு மற்றொரு சோதனையும் வந்தது. 1873 ஜனவரி 2-ஆம் நாள், செலியின் 41-ஆம் வயதில், ஒன்பதாம் மகவு பிறந்தது. பிள்ளைகள்மீது தமக்கு உள்ள பிரியம் அளவற்றது என்றும், பிள்ளைகளைப் பெறவே தாம் பிறந்ததாகவும் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் எழுதியிருந்தார். பசியால் இறந்த குழந்தையின் பெயரையே இவளுக்கும் இட்டார்: தெரேசா. இரண்டே மாதத்தில் இவளுக்கும் அதே குடல் நோய் கண்டது. தாய்ப்பால் ஒன்றே காப்பாற்றும் என்றார் மருத்துவர்.

விடிந்தும் விடியாத வேளையில் செலி தனியே செமாலேக்கு நடந்தார். வழியில் இரண்டு ஆடவர் எதிர்ப்பட்டார்கள். அவர்களைப் பார்த்தால் பயமாக இருந்தது. கொன்றால் கொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாராம். அவ்வளவு தூரம் மனம் செத்திருந்தது. ரோஸ் தையே தம் பிள்ளைகளை விட்டுவிட்டு உடன் வந்தார். வந்து குழந்தையைப் பார்த்ததும் இனிப் பயனில்லை என்பது போலத் தலையை அசைத்தார். செலி மாடிக்கு ஓடிச்சென்று சூசையப்பர் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டார். குழந்தையைக் குணமாக்கும், ஆனால் தேவசித்தம் வேறாயின் அதற்கும் பணிகிறேன் என்று கண்ணீர் வழிய வேண்டினார். இறங்கி வந்து பார்த்தால் குழந்தை ஆவலோடு பால் குடித்துக்கொண்டிருக்கிறது! ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. குடித்ததை எல்லாம் கக்கிவிட்டுச் செவிலியின் மடியில் பிணம்போல விழுந்தது. மூச்சு தெரியவில்லை. சுற்றி நின்ற ஐவரும் திகைத்து நின்றனர். குழந்தை நோகாமல் இறந்ததே என்று தாய் இறைவனுக்கு நன்றி சொன்னார். கால் மணி நேரம் கழிந்தது. குழந்தை கண் திறந்து சிரித்தது.

அப்படிப் பிழைத்தவள்தான் நம் சிறுமலர். ஓராண்டுக்கு மேல் செமாலேயில் வளர்ந்தாள். வயலுக்குப் போகும்போது ரோஸ் அவளைத் தள்ளுவண்டியில் வைக்கோலின்மேல் உட்காரவைத்துக் கொண்டுபோவாராம். வெயிலில் கறுத்து, உடல் தேறி, 1874 ஏப்ரல் 2-ஆம் நாள் வீடு திரும்பினாள்.

செலிக்கோ பத்தாண்டுகளாக மார்பிலிருந்த கட்டி புற்றாக முற்றியிருந்தது. 1876 டிசம்பரில் மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்கும் காலம் கடந்துவிட்டது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். லேசு வேலை நிற்கவில்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டுமே. பிப்ரவரியில் அக்காள் கன்னியரும் மரித்தார். படிப்பிலும் நடத்தையிலும் பின்தங்கியிருந்த லெயோனியைப் பற்றித்தான் செலிக்குக் கவலை அதிகம். நீ மோட்சம் போனதும் முதல் வேலையாக மாதாவிடம் லெயோனிக்காகப் பேசு என்று சாகக்கிடந்த அக்காளிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். 1877 ஜூனில் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து நகருக்குத் திருயாத்திரை சென்றார். குளிர்ந்த நீரில் நான்கு முறை இறங்கினார். குணமாகவில்லை. சிறுமிகள் அழுதார்கள், அவர்களைத் தேற்றியவர் நோயாளியே. சூசையப்பர் முன் கேட்டது கிடைத்தது. லூர்தில் கேட்டது கிடைக்கவில்லை. இரண்டிலும் அவர் ஒரே ஆண்டவரை வணங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் நள்ளிரவு கழிந்ததும் 45-ஆம் வயதில் உயிர் துறந்தார். தெரேசாவுக்கு அப்போது நாலரை வயதுதான். நடையில் நிறுத்தி வைத்திருந்த சவப்பெட்டி மூடியைத் தனியே நின்று அண்ணாந்து பார்த்ததைத் தெரேசா கடைசிவரை மறக்கவில்லை.

லூயி தம் ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு லிசியே நகரில் குடியேறினார். ஐவரும் கன்னியரானார்கள், நால்வர் கார்மேல் மடத்தில், லெயோனி மினவுதல் சபையில். தாய் கேட்ட விண்ணப்பம் அவர் கண்டு மகிழாத வகையில் நிறைவேறியது. வேதபோதகனாக ஒரு மகன் கிடைக்கவில்லை. ஆனால் மடத்துச் சுவரைத் தாண்டாத கடைசி மகளை 1927-ஆம் ஆண்டில் திருச்சபை, நம் நாட்டுக்கு வந்து போதித்த புனித சவேரியாரோடு சமமாக, வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக ஏற்படுத்தியது.

அந்த நால்வரும் என்ன ஆனார்கள்? அவர்களை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். தெரேசாவுக்கு 13 வயதானபோது, எதைச் செய்தாலும் பாவமோ என்ற பாவ அச்சம் அவளை இரவும் பகலும் வதைத்தது. தன் மனத்தைத் திறந்து சொல்ல அவளுக்கிருந்த ஒரே துணை அக்காள் மரி. 1886-இல் மரியும் மடம் புகுந்துவிட்டாள். அப்போது தெரேசா, தான் ஒருநாளும் பார்த்திராத அண்ணன்மார் இருவரிடமும் அக்காள்மார் இருவரிடமும் பேசினாள். நானே வீட்டில் கடைக்குட்டி. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் என்மேல் எவ்வளவு அன்பு வைத்திருப்பீர்கள். மோட்சத்துக்குப் போனதால் என்னை மறந்துவிடலாமா என்று குழந்தையைப் போலக் கேட்டாள். சிறிது காலத்தில் அவள் உள்ளத்தில் அமைதி பிறந்தது. இதை அவளே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறாள். காதில் சீழ் வடிந்த எலேனுக்காக, இறந்த கைக்குழந்தையிடம் தாய் வேண்டிக்கொண்ட அதே வழக்கம்!

செலியும் லூயியும் 2015 அக்டோபர் 18-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக அந்நிலை அடைந்தது அதுவே முதல் தடவை. ஜூலை 12 அவர்கள் திருநாள். புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமை, ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் குறைமாதத்தில் பிறந்து மூளையில் இரத்தம் கசிந்த ஒரு பெண்குழந்தை பிழைத்தது. அதற்கு முந்திய முத்திப்பேறு பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமையும் ஒரு சிசுவைப் பற்றியதே. இத்தாலியின் மொன்சா நகரில் 2002-ஆம் ஆண்டில் பிறந்த அந்த ஆண்குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யவில்லை; மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். பிள்ளைகளை இழந்த இந்தத் தம்பதியரை நோக்கிப் பெற்றோர் நவநாள் செய்தார்கள். 2008 அக்டோபர் 19-ஆம் நாள் லிசியே பேராலயத்தில் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டபோது, செலி, லூயி ஆகியோரின் திருப்பண்டங்களைப் பீடத்துக்குக் கொண்டுசென்றவர்களுள் பெற்றோரோடு நடந்துவந்த அந்தச் சிறுவனும் ஒருவன். அவனுக்கு அப்போது வயது 6.